மரியபுஷ்பத்தின் வாளி

டாக்டரின் மேசைமேல் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி இருந்தது. பக்கத்தில் இடுப்பில் கை வைத்தபடி எங்கள் வார்டு சிஸ்டர். எதிர்ச் சுவரோரம், பூப்போட்ட நைட்டியில், கையைக் கட்டிக்கொண்டு மரியபுஷ்பம்.

"இந்த வார்டில் ஒன்று இந்த வாளி இருக்கட்டும், இல்லையென்றால் நான் இருக்கிறேன்" என்றார் சிஸ்டர். ஹிந்தியில்தான் சொன்னார். ஆனால் கோபம் வந்தால் அவருடைய ஹிந்திக்குள் கோட்டயம் எட்டிப் பார்க்கும்.

புகார் இதுதான். தினமும் விடிவதற்கு வெகு முன்னால் மரியபுஷ்பம் எழுந்துவிடுகிறாள். கட்டிலுக்கடியில் இருக்கும் வாளியை எடுக்கிறாள். குளியலறைக்கும் வராந்தாவுக்குமாக நடக்கிறாள். வாளி இடிக்கிற சத்தத்தில் மற்றவர்கள் விழிக்கிறார்கள். ஒருத்தி அழ ஆரம்பிப்பாள், இன்னொருத்தி பாட ஆரம்பிப்பாள், அப்புறம் வார்டு முழுக்கச் சந்தைதான்.

டாக்டர் சின்னப் பெண். மராத்திக்காரி, நல்ல பொறுமைசாலி. "ஏன் எழுந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். மரியபுஷ்பம் தரையைப் பார்த்தாள். "வேலை இருக்கு" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.

டாக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு, ராத்திரி மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

கதவு திறந்த கதை

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. நான் மும்பைக்கு வெளியே ஒரு பெரிய அரசு மனநல மருத்துவமனையில் சமூகப் பணியாளராக வேலை பார்த்தவள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, இப்போது செம்பூரில் மகள் வீட்டில் மருமகனோடு சண்டை போட்டுக்கொண்டு இருப்பவள். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லமாட்டேன் என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன். இன்னும் கடிதம் போட்டுக் கேட்கிறீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் மதில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். உள்ளே வருகிறவர்களைப் பெரும்பாலும் போலீஸ்தான் கொண்டுவரும், கையில் மாஜிஸ்திரேட் உத்தரவோடு. வந்தவுடன் முடியை ஒட்ட வெட்டுவார்கள். பேன் வரக்கூடாது என்பது காரணம். எல்லாருக்கும் ஒரே பச்சைத் துணி. கம்பிக்கு அந்தப்பக்கம் அவர்கள், இந்தப்பக்கம் பார்க்க வந்த சொந்தக்காரர்கள். பேச ஆரம்பித்து மூக்கைச் சிந்துவதற்குள் மணி அடித்துவிடும்.

கெட்டவர்கள் யாரும் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து ஆயாக்கள் தங்கள் சாப்பாட்டில் பாதியை நோயாளிகளுக்குக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் குணமானவர்களை எங்கே அனுப்புவது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. உள்ளே வருவதற்கு ஒரு வழி இருந்தது. வெளியே போவதற்குச் சொந்தக்காரர் யாராவது வந்து கையெழுத்துப் போட வேண்டும். வரவில்லையென்றால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான், புத்தி எவ்வளவு தெளிவாக இருந்தாலும்.

பிறகு எத்தனையோ நடந்தது. தெற்கே நம் ஊர்ப் பக்கத்தில் சங்கிலியால் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் தீயில் மாண்டுபோன செய்தி வந்தது. அன்றைக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் ஒருவரும் சாப்பிடவில்லை. வழக்குகள், விசாரணைகள், கமிட்டிகள். கடைசியில் புதுச் சட்டம் வந்தது. குணமானவரை, கூட்டிப்போக ஆள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அடைத்து வைக்கக்கூடாது என்றது அது.

சட்டம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எங்கள் வார்டுக்கு ஒரு கண்ணாடி வந்தது. ஆளுயரக் கண்ணாடி, உடையாத வகை. பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். பல வருஷமாகத் தங்கள் முகத்தைப் பார்க்காதவர்கள். ஒரு குஜராத்திக் கிழவி பார்த்துவிட்டு, "என் அம்மா வந்திருக்கிறாள்" என்றாள். மரியபுஷ்பம் பார்த்துவிட்டுச் சீப்பு கேட்டாள். நான் போய்க் கழிப்பறையில் நின்று அழுதுவிட்டு வந்தேன். அப்போது சிஸ்டர்தான் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார், கூடவே திட்டும் கொடுத்தார்.

புஷ்பம்

மரியபுஷ்பத்தை நாங்கள் புஷ்பம் என்றுதான் கூப்பிடுவோம். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், தாராவியில் குடியேறியவர்கள். இளம்வயதில் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. ஒருநாள் வீட்டை விட்டு நடந்தவளை, எங்கேயோ ஒரு ஸ்டேஷனில் போலீஸ் கண்டுபிடித்து எங்களிடம் சேர்த்தது.

தம்பி அந்தோணி முதலில் மாதாமாதம் வருவார். அப்புறம் ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் வந்தார். கல்யாணம் ஆனபிறகு அதுவும் குறைந்தது. நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். மூன்று ரயில் மாறி வந்து, கம்பிக்கு அந்தப்பக்கம் நிற்கும் அக்காவைப் பார்த்துவிட்டு, மூன்று ரயில் மாறிப் போக வேண்டும். மனுஷன் எத்தனை தடவைதான் தாங்குவான்?

புஷ்பத்துக்குக் குரல்கள் நின்று பல வருஷமாகிவிட்டது. மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வாள். சமையல்கட்டில் வெங்காயம் உரிப்பாள். சிஸ்டருக்கே தலை வாரிவிடுவாள். அவளிடம் மிச்சமிருந்த ஒரே கோளாறு இந்த விடியற்கால நடைதான்.

அதுதான் இப்போது குறுக்கே நின்றது. புதுச் சட்டப்படி ஒரு வாரியம் வந்து, நீண்டகாலமாக உள்ளே இருக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கப் போகிறது. குடும்பம் ஏற்றுக்கொண்டால் வீடு. இல்லையென்றால் வேறு மாவட்டத்தில் ஒரு காப்பகம். காப்பகம் மோசமான இடம் இல்லை. ஆனால் அங்கே தமிழ் பேச ஒரு ஆள் கிடையாது. தாராவியிலிருந்து யாரும் அத்தனை தூரம் போய்ப் பார்க்கப் போவதும் இல்லை. அங்கே போனால் புஷ்பத்துக்குத் தம்பி என்று ஒருவன் இருந்தான் என்பதே நாளடைவில் மறந்துபோகும்.

கூட்டின மாத்திரை வேலை செய்தது, தப்பான இடத்தில். பகலெல்லாம் புஷ்பம் தூங்கி வழிந்தாள். வெங்காயத்தைக் கையில் பிடித்தபடியே கண்ணயர்ந்தாள். விடியுமுன் மட்டும், சுவரைப் பிடித்துக்கொண்டாவது, எழுந்து வாளியைத் தேடினாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. இனி அந்தோணிக்குக் கடிதம் போடுவதெல்லாம் உதவாது, நேரில் போக வேண்டியதுதான் என்று கிளம்பினேன்.

தாராவியில் ஒரு சிரிப்பு

மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கி ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்தால் தாராவி. நான் பிறந்த வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஆனாலும் என் அப்பா உயிரோடு இருந்தவரை நான் அந்தப் பக்கம் போனதில்லை. எங்கள் மாட்டுங்கா ஆட்களின் பூகோளம் அப்படி. மெட்ராஸ் பக்கத்தில் இருக்கும், தாராவி வெகுதூரத்தில் இருக்கும்.

அந்தோணியின் வீடு, தோல் வாடையும் தையல் மெஷின் சத்தமுமாக இருந்த ஒரு சந்தில். கீழே ஒரு அறை, மேலே பரணில் இரண்டு மெஷின். பை தைக்கிறார்கள். அந்தோணி ஏணியில் இறங்கி வந்தார். அவர் மனைவி லூர்து எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். பருத்த, சுறுசுறுப்பான பெண். புஷ்பத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அந்தோணி சட்டையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துப் போட்டார்.

"மேடம், வேண்டாம்னு சொல்லல. அவ எங்க அக்கா. ஆனா வாசலத் தாண்டுனா ரோடு. முன்னால ஒருநா காலைல எந்திச்சி போனவதான். நான் மெஷின்ல குனிஞ்சேன்னா நிமிர மாட்டேன். மறுபடி தொலைச்சிட்டேன்னா நான் என்ன மனுசன்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பொய் சொல்லி ஆளைத் தலையில் கட்டுவது என் வழக்கம் இல்லை. அதனால் வாளியைப் பற்றியும் சொன்னேன். விடிவதற்கு முன்னால் எழுந்துவிடுகிறாள், வாளியைத் தூக்கிக்கொண்டு குழாய்ப் பக்கம் போகிறாள், மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை, அது ஒன்றுதான் இப்போது பிரச்சினை என்றேன்.

லூர்து என்னை உற்றுப் பார்த்தாள். "எத்தன மணிக்கு?"

சொன்னேன்.

லூர்து சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"இது ஒரு சீக்கா மேடம்? அது தண்ணி வார நேரம்லா! அப்பம் எங்க லைன்ல இருக்க பொம்பளைய எல்லாரையும் வேன் கொண்டாந்து ஏத்திட்டுப் போங்க. மொதல்ல என்னைய ஏத்துங்க, நாலு நாள் படுத்து ஒறங்கிட்டு வாரேன்!"

எங்கள் மாட்டுங்கா வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், வராவிட்டால் பில்டிங் செக்ரெட்டரியைத் திட்டுவோம். தண்ணீருக்கு ஒரு நேரம் உண்டு, அந்த நேரத்துக்காக ஒரு வீட்டில் ஒருத்தி தூக்கத்தை விட வேண்டும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. டாக்டர் புனேயில் வளர்ந்தவர், சிஸ்டருக்கு ஊரில் கிணறு. எங்கள் மூன்று பேர் படிப்பையும் சேர்த்து ஒரு வாளிக்குள் போட்டு மூடியாகிவிட்டது. சிரிப்பும் வந்தது, எங்கள்மேல் எரிச்சலும் வந்தது.

அந்தோணி சிரிக்கவில்லை. பரண் ஏணியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"அம்மா செத்த பொறவு அக்காதான் தண்ணி பிடிப்பா" என்றார். குழாய்க்கு அங்கே நள் என்று பேர். "அப்பம் நள் இங்கன கெடையாது. சந்து முக்குல ஒரே ஒரு நள், ஒரே சண்டை. நான் அம்பர்நாத் கம்பெனில ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து படுப்பேன். ஒரு நாளு கூட என்னைய எழுப்புனதில்ல."

லூர்துவின் சிரிப்பு நின்றுபோயிற்று. "வார ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் நான் வாரேன் மேடம்" என்றாள். புருஷனைக் கேட்கவில்லை.

இரண்டு பெண்கள்

சொன்னபடி வந்தாள், ஒரு டப்பா அச்சு முறுக்கோடு. இப்போது கம்பி கிடையாது. மரத்தடியில் பெஞ்சு போட்டிருக்கிறோம். புஷ்பம் தள்ளாடித் தள்ளாடி வந்து உட்கார்ந்தாள்.

எத்தனையோ சந்திப்புகளுக்கு நான் சாட்சியாக இருந்திருக்கிறேன். அழுகை, மன்னிப்பு, கட்டிப்பிடிப்பு எல்லாம் பார்த்தாயிற்று. இந்த இரண்டு பேரும் பேசியதை நான் மறக்கமாட்டேன்.

"நீதான் லூர்தா?"

"ஆமா மதினி."

"பிள்ளைய எத்தன?"

"ரெண்டு. மூத்தவ காலேஜ் போறா. தமிழ் பேசுவா, படிக்கத் தெரியாது."

புஷ்பம் கொஞ்சம் யோசித்தாள். "தண்ணி எங்கன பிடிக்க?"

"இப்பம் வீட்டுக்குள்ளயே நள் வந்துட்டு மதினி. பாத்திரம் கழுவுத மோரியிலயே வருது. ஆனா வார நேரம் அதே நேரந்தான்."

"அப்பம் யாரு எந்திக்கா?"

"நாந்தான்."

"தெனமுமா?"

"தெனமுந்தான். ஒங்க தம்பி எந்திப்பாவளா?"

புஷ்பம் சிரித்தாள். அவளுக்கு ஒரு பல் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு லூர்துவின் கையைப் பிடித்து எழுப்பி, "வா, காட்டுதேன்" என்று வார்டுக்குள் அழைத்துக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

குளியலறை மூலையில் ஒரு நீல டிரம் உண்டு. வார்டு முழுக்கக் காலையில் முகம் கழுவுவதும் குளிப்பதும் அதிலிருந்துதான். ஆஸ்பத்திரியிலும் தண்ணீர் விடியுமுன் கொஞ்ச நேரம்தான் வரும், அதுவும் வராந்தாவில் தாழ்வாக இருக்கும் ஒரே குழாயில். டிரம்மைக் குழாய்க்கு அடியில் வைக்க முடியாது. யாராவது வாளி வாளியாகப் பிடித்து ஊற்றவேண்டும்.

"இது நான் பிடிக்கது" என்றாள் புஷ்பம், டிரம்மைத் தட்டி. "வார்டுல இத்தன பேரு இருக்காவ. ஒருத்தருக்கும் எந்திக்கத் தெரியல."

ராத்திரி வேலைக்கு வரும் ஆயா அன்றைக்குப் பகலிலும் இருந்தாள், அவளைத் திரும்பிப் பார்த்தேன். ஆயாக்களை இங்கே மௌஷி என்போம், மராத்தியில் சித்தி. அந்த மௌஷியின் சாமர்த்தியத்தால்தான் டிரம் எப்போதும் நிறைந்திருக்கிறது என்று சிஸ்டர் எத்தனையோ தடவை பாராட்டியிருக்கிறார். மௌஷி இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லவில்லை, சிஸ்டராகத்தான் நினைத்துக்கொண்டார்" என்றாள் கடைசியில்.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் முதலில் கோபம் வந்தது, பிறகு அது எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. நேராகப் போய் அந்தச் சிவப்பு வாளியை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, புஷ்பத்தின் கட்டிலுக்கடியில் அவரே வைத்தார். டாக்டர் மறுநாள் மாத்திரையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். "ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்று புஷ்பத்திடம் கேட்டார். வேலை இருக்கு என்று சொன்னேனே என்றாள் அவள்.

வாரியம் வந்தது. நடுவில் உட்கார்ந்திருந்தவர் முன்னாள் நீதிபதி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். அந்தோணி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆனால் உள்ளே வந்ததும் லூர்துவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். விடியற்காலையில் இந்த அம்மா வெளியே போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

"எதுக்குப் போறாவ சாப்? நள் அந்தர்ல, வீட்டுக்குள்ளயே இருக்கு" என்றாள் லூர்து, பாதித் தமிழும் பாதி ஹிந்தியுமாக. நீதிபதிக்கு எது புரிந்ததோ, கையெழுத்துப் போட்டார். மாத்திரையைத் தாராவி மாநகராட்சி மருந்தகத்தில் வாங்கிக்கொள்ளலாம், அங்கேயே வாரம் ஒருநாள் மனநல டாக்டர் உட்காருவார் என்று ஏற்பாடாயிற்று. என் இளமைக் காலத்தில் இப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால் என்னையே உள்ளே பிடித்துப் போட்டிருப்பார்கள்.

வறண்ட டிரம்

புஷ்பம் போன மறுநாள் வார்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சிஸ்டர் அலுவலகத்துக்கே எழுந்து போய்ச் சத்தம் போட்ட சத்தத்தில், பல வருஷமாகக் கிடப்பில் கிடந்த வேலை நடந்தது. குழாயை உயர்த்தி, குளியலறைக்குள் டிரம்முக்கு நேராக நீட்டி வைத்தார்கள். மனநலச் சீர்திருத்த வரலாறு எழுதுகிறவர்கள் இதையெல்லாம் எழுதமாட்டார்கள், அதனால் நான் எழுதிவைக்கிறேன்.

ஆனால் அன்று காலை நான் அங்கே இல்லை. தாராவியில் இருந்தேன்.

வீட்டுக்கு அனுப்பிய மறுநாள் போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். முதல் ராத்திரிதான் கண்டம். புது இடம், புது முகங்கள், பழைய பயங்கள். விடிந்ததும் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுப்போன குடும்பங்கள் உண்டு.

வெயில் ஏறியிருந்தது. சந்தில் எல்லா வீட்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது, அந்தோணி வீட்டு மெஷினைத் தவிர. கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது. லூர்து வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காலேஜ் போகவேண்டிய மகள் போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றேன். என் குரல் எப்போதும் கொஞ்சம் பெரிசு.

லூர்து உதட்டில் விரலை வைத்தாள். "சத்தம் போடாதிய மேடம். மதினி ஒறங்குதாவ."

பயத்தில் மாத்திரையைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டார்களா? "ராத்திரி எத்தனை மாத்திரை கொடுத்தே?"

"நீங்க சொன்னதுதான். அதெல்லாம் இல்ல மேடம். தண்ணி வார நேரத்துக்குச் சரியா எந்திச்சிட்டாவ. நானும் எந்திச்சேன். கொடத்துல கைய வச்சாவ. 'மதினி, இன்னைக்கு நான் பிடிக்கேன், நாளைக்கு நீங்க பிடிங்க, ஒருநாள் விட்டு ஒருநாள்'னு சொன்னேன். என்னையவே பாத்துட்டு நின்னாவ. 'அப்பம் இன்னைக்கு நான் என்ன செய்ய?'ன்னு கேட்டாவ. 'ஒறங்குங்க'ன்னேன்."

லூர்து ஒரு காம்பை எடுத்து உருவினாள்.

"போய்ப் படுத்தாவ. அந்தா, இன்னும் எந்திக்கல. இவியளும் மெஷின ஓட்டாம மேல குத்தவச்சிருக்காவ."

கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். புஷ்பம் தரையில் ஒருக்களித்துப் படுத்து, வாயைக் கொஞ்சம் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பரணில் அந்தோணி, தைக்காத பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அக்காவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

இத்தனை வருஷத்தில் நாங்கள் அவளை எவ்வளவோ தடவை தூங்கு என்று சொல்லியிருக்கிறோம். நாளைக்கு நீ என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

லூர்து நகர்ந்து இடம்விட்டாள். நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை உருவ ஆரம்பித்தேன்.